விழாது, பத்திரமா வைச்சிருங்கோ

"விழாது. பத்திரமா வைச்சிருங்கோ" என்று சொல்லிக்கொண்டே கலா சீட்டைக் கிளிப்பிலிருந்து இழுத்துக் கொடுக்கிறாள். வாங்கியவர் சிரிக்கிறார், சட்டைப் பையில் வைக்கிறார், ஓடிப்போய் பஸ்ஸில் ஏறுகிறார். அடுத்தவர் வந்து நிற்கிறார்.

"எனக்கு இண்டைக்கு நல்ல நாள் எண்டு பஞ்சாங்கத்திலை கிடக்குது கலா."

"உங்களுக்கு நல்ல நாள்தான் அண்ணை. ஆனா ரிக்கெற்றுக்கு அது தெரியாது. இந்தாங்கோ. விழாது, பத்திரமா வைச்சிருங்கோ."

மானிப்பாயில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் அவளுடைய கடை. கடை என்பது ஒரு பழைய சைக்கிள், அதன் கரியரில் கட்டிய கண்ணாடிப் பெட்டி, ஒரு பெரிய குடை. குடைக் கம்பியிலிருந்து மதில் ஆணிவரை ஒரு கயிறு. அதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளில் லொத்தர் சீட்டுகள் ஆடும். பெட்டியோடு சேர்த்து ஓர் ஒலிபெருக்கியும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாளைய கோடீசுவரர் நீங்கள்தான் என்று நாள் முழுக்கக் கத்துவதற்கு. கலா அதன் வயரைக் கழற்றிவிட்டாள். இப்போது கூம்புக்குள் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது.

"பொய் சொல்லுற வாய்க்கை சோத்தை வைச்சா அது பிறகு கதையாது" என்கிறாள்.

முழுப் பெயர் உதயகலா. ஐம்பதை எட்டும் வயது. நாள் முழுக்க நிற்கிற தொழில் என்றாலும் முதுகு வளையவில்லை. குதிக்கால்தான் வெடித்துப் போயிருக்கிறது. களிம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். பூசியதாகச் சொன்னாள். பூசவில்லை என்பதைக் குதிக்கால் சொல்கிறது. நான் நோயாளிகளைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, நடக்கப் பழக்குகிற தொழில் செய்கிறவள். அதற்கென்று பயிற்சி பெற்றவள். முகத்தைவிடக் காலைப் பார்த்து ஆளை மதிப்பிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. இணுவிலில் இருந்து வேலைக்கு வந்து நான் பஸ்ஸால் இறங்கும் இடம் அவளுடைய குடைக்கு நேரெதிரே இருப்பதால் அவளைப் பார்க்காமல் எனக்கு நாள் தொடங்குவதில்லை.

கலாவுக்கு ஆட்களின் பெயர் நிற்காது. அவர்கள் கேட்கிற சீட்டுத்தான் நிற்கும். கடைசி இலக்கம் ஏழு இருக்கவேண்டும் என்று கேட்கிற பள்ளிக்கூட அதிபருக்குக் கடைசி ஏழு என்று பெயர். தன் மோட்டார் சைக்கிள் இலக்கத்தைத் தேடுகிறவர் பைக் நம்பர். காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் தனக்கு நல்ல நேரம் என்று காத்திருந்து காசை நீட்டுகிற நகைக்கடைக்காரர் ஒம்பதரை. "ஒம்பதரைக்கு மகள் பிறந்திருக்காம்" என்று அவள் சொல்லக் கேட்டு, பிள்ளை பிறந்த நேரத்தைத்தான் சொல்கிறாளாக்கும் என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு பெயர் உண்டு. வாங்காத அன்ரி.

லொத்தர் விற்கிற ஒருத்தி ஏன் விழாது என்று சொல்லி விற்கவேண்டும்? அவள் தருமத்துக்காகச் சொல்வதில்லை. வியாபாரத்துக்காகத்தான் சொல்கிறாள்.

"விழும் எண்டு நம்பி வாங்கிறவை நாலு தரம் வாங்குவினம் அன்ரி. அஞ்சாந் தரம் என்ரை கை ராசியில்லை எண்டு நல்லூருக்குப் போய் வாங்குவினம். எனக்கும் காலமையிலை மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வாற ஆக்களைப் பாக்கேலாது. விழாது எண்டு தெரிஞ்சு வாங்கிறவை நெடுக வருவினம். பகிடியும் விடுவினம். ஆருக்கு நட்டம்?"

விழாது என்று சொன்னால் மட்டும் போதாது, எவ்வளவு விழாது என்பதையும் விளங்கப்படுத்தவேண்டும் என்பது அவளுடைய கொள்கை. அவள் அதிகம் விற்கிற சீட்டில் ஓர் இங்கிலிசு எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். பெரிய பரிசுக்கு ஏழும் அப்படியே பொருந்த வேண்டும். எத்தனை விதமாக அவை அமையலாம் என்று கைப்பேசியில் பெருக்கினால் இரண்டு கோடியே அறுபது இலட்சம் வருகிறது. தொடக்கத்தில் கலா இந்த எண்ணையே சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்டவர்கள் கண் விரிந்து, இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு போனார்களாம்.

"கோடி எண்ட சொல்லைக் காதிலை போடக்கூடாது அன்ரி. பரிசுதான் ஞாபகம் வரும்."

எனவே அவள் ஆளுக்கு ஏற்ற கணக்கு ஒன்று வைத்திருக்கிறாள். கொழும்பு பஸ் சாரதி ஒருவருக்கு அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். "இஞ்சையிருந்து கொழும்பு மட்டும் றோட்டிலை எங்கையோ ஒரு ரூபாக் காசுக்குத்தி ஒண்டு கிடக்குது. நீங்கள் ஆசனத்திலை இருந்து நித்திரை கொள்ளுறியள். வேறை ஆரோ ஓடினம். திடீரெண்டு முழிச்சு, நிப்பாட்டு எண்டு கத்தி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கி, குனிஞ்சு ஒரு விரலை நிலத்திலை வைக்கிறியள். விரலுக்குக் கீழை குத்தி. அதுதான் பெரிய பரிசு."

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு வேறு கணக்கு. "பத்து மாசம் சுமந்தனியெல்லே? அந்தப் பத்து மாசத்திலை ஒரே ஒரு செக்கனை நான் மனசுக்கை நினைச்சிருக்கிறன். எந்த மாசம், எந்த நாள், எத்தினை மணி, எந்தச் செக்கன்? சொல்லு பிள்ளை, ஒருக்காத்தான் சொல்லலாம்." அந்தப் பெண் உண்மையாகவே யோசித்தாள். பிறகு சிரிப்பு வந்து, குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் வீட்டில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஓரளவுக்குச் சரியாகத்தான் வருகிறது. கேட்டபோது கலா கையை விரித்தாள். "கணக்கை ஃபோன் செய்யும். எந்த ஆளுக்கு எந்தக் கணக்கு எண்டதுதான் என்ரை வேலை."

இத்தனை கணக்குக்கும் அடங்காத ஒரு பதில் இருக்கிறது. பஸ் சாரதியும் அதைத்தான் சொன்னார். முழுவதையும் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, காதைச் சொறிந்துகொண்டு, "ஆனாக் குத்தி கிடக்குதுதானே?" என்றார்.

"கிடக்குது."

"அது காணும்."

எல்லாரிடமும் அவள் தோற்கிற இடம் அதுதான். எங்கேயோ ஒன்று கிடக்கிறது என்றால் தேடுகிறவனுக்கு அது போதும். கலா தலையில் அடித்துக்கொண்டு சீட்டைக் கொடுப்பாள். தோற்றாலும் அவளுக்கு விற்பனைதான், ஆகையால் கவலைப்பட ஒன்றுமில்லை. பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்கு அது கவலையாகிவிட்டது.

நான் அப்போது கனகசபாபதியின் வீட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கலாவின் குடையிலிருந்து கூப்பிடு தூரம். அறுபது தாண்டிய தோட்டக்காரர். வாழைத்தோட்டத்து வாய்க்காலில் சறுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். எலும்பு நன்றாகவே பொருந்திவிட்டது. வோக்கரை விட்டு நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியும் மனிதர் பயத்தில் அதை விடவில்லை. கதிரையிலிருந்து வாசற் படலைவரை போய்வா என்றால், "நாளைக்குப் பாப்பம் மிசி" என்பார். கால் நின்றுவிட்டால் சிலருக்குப் புத்தி ஓடத் தொடங்கும், வேண்டாத திசையில். அவருக்கு லொத்தரில் ஓடியது. முன்பு கிழமைக்கு ஒன்று வாங்கியவர் இப்போது நாளுக்கு ஒன்று வாங்குவித்தார். சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு விசேஷச் சீட்டிழுப்பு வருகிறது என்று பத்திரிகையில் பார்த்த பிறகு, கதிரையில் இருந்தபடி மாடிவீடு கட்டத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பஸ்ஸால் இறங்கும்போது அவருடைய மனைவி இரத்தினம்மா கலாவின் குடைக்குக் கீழே நின்றார். கையில் பால் போத்தல்கள் இருந்த கூடை. முகம் வீங்கியிருந்தது.

"கலா, உந்த மனிசன் சுட்டியை விக்கப் போறார்."

சுட்டி அவர்களுடைய பசு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள செம்பசு. இரத்தினம்மா சீதனமாகக் கொண்டுவந்த மாட்டின் வழியில் வந்தது. கணவர் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டை அதன் பால்தான் நடத்தியது.

"ஏனாம்?" என்றாள் கலா.

"உன்ரை ரிக்கெற் வாங்க. ஒண்டு ரெண்டு இல்லை, கட்டா வாங்கப் போறாராம்."

"விசரே அவருக்கு? விழும் எண்டு ஆர் சொன்னது, சாத்திரியோ?"

"பிள்ளையார்."

கலா வாயை மூடினாள். சாத்திரி என்றால் அவள் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் செய்வதா விடுவதா என்று தீராதபோது பூக்கட்டிப் பார்ப்போம். ஓர் இலைத்துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிக்கு முன்னால் போட்டு, விஷயம் தெரியாத ஒருவரை ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விடவேண்டும். கனகசபாபதி சாமியறையில் இரண்டு பொட்டலம் போட்டு மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"காலிலை வைச்ச தகட்டைக் கழட்டுறதோ விடுறதோ எண்டு கேக்கிறார் எண்டு நினைச்சன்" என்றார் இரத்தினம்மா. "என்ரை இந்தக் கையாலைதான் எடுத்துக் குடுத்தன். வெள்ளை. அப்பதான் சொல்லுறார், சரி, மாட்டை விக்கலாம் எண்டு. பின்னேரம் மாட்டுக்காரன் வாறான்."

"நான் ரிக்கெற் குடுக்காட்டி?"

"நல்லூரிலை வாங்குவார். நீயோ ஒருத்தி விக்கிறாய்?"

கலா வானத்தைப் பார்த்தாள், கயிற்றில் ஆடும் சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு கிளிப்புகளைக் கழற்றத் தொடங்கினாள். அவள் பகலில் குடையை மடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"கட்டா வாங்கிற ஆள் ஒருநாள்தான் வாங்குவார்" என்றாள் என்னிடம். "பிறகு என்னைக் கண்டா றோட்டுக்கு அங்காலை போவார். ஒண்டு வாங்கிற ஆள் சாகுமட்டும் வருவார்."

"அச்சானியமாக் கதையாதை" என்றார் இரத்தினம்மா.

கனகசபாபதி மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். வோக்கர் பக்கத்தில். சற்றுத் தள்ளிக் கொட்டிலில் சுட்டி அசைபோட்டுக்கொண்டு நின்றது. தன்னைப் பற்றிய வழக்கு என்பது அதற்குத் தெரியாது.

"ஓகோ, லொத்தர்க் கடையே வீட்டுக்கு வந்திட்டுது" என்றார் அவர். "கட்டு எங்கை?"

"கட்டு இருக்கட்டும். விழும் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறியள்?"

"என்ன கலா, சின்னக் கணக்கு. ஒண்டில் விழும், ஒண்டில் விழாது. ரெண்டிலை ஒண்டு. அரைவாசிச் சந்தர்ப்பம் சும்மாவே கிடக்குது. அதுக்கு மேலை பிள்ளையாரும் வெள்ளை காட்டிப்போட்டார்."

கலா றோட்டுக் குத்தியைச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "குத்தி கிடக்குதுதானே?" என்றார். வாழைத்தோட்டத்துக்கு ஏற்றமாதிரி ஒரு கணக்கை அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னாள். அதற்கும் அதே பதில். இரத்தினம்மா கொட்டில் தூணில் சாய்ந்து, "சீதன மாட்டை விக்க இவர் ஆர்?" என்று சுட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாடு உம்மடைதான். மாடிவீடும் உம்மடை பேரிலைதான் எழுதுவன்" என்றார் கணவர். பெருந்தன்மையில் குறைவில்லாத மனிதர்.

கலா திரும்பினாள். வேலியோரத்துச் செவ்வரத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மரம் முழுக்கச் சிவப்புப் பூ.

"அண்ணை, பிள்ளையாருக்கு முன்னாலை எத்தினை பொட்டலம் போட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி? ரெண்டு."

"லொத்தரிலை ரெண்டு ரிக்கெற்றோ அண்ணை கிடக்குது?"

அவர் வோக்கரின் கைப்பிடியைத் தடவினார்.

"நீங்கள் அவரிட்டைக் கேள்வியைப் பிழையாக் கேட்டிருக்கிறியள். ரெண்டைப் போட்டா அவர் ரெண்டிலை ஒண்டைத்தான் காட்டுவார். லொத்தரைக் கேக்கிறதெண்டா லொத்தர் மாதிரிப் போட்டுக் கேக்கோணும். அக்கா, பனையோலைக் கடகம் ஒண்டு கொண்டு வாங்கோ. வாழையிலை வெட்டுங்கோ."

இப்படித்தான் அந்தக் காலை முழுவதும் நாங்கள் பொட்டலம் கட்டினோம். செவ்வரத்தையை முழுப் பூவாகப் போட்டால் மரம் மொட்டையாகிவிடும், ஒரு பூவைக் கிழித்தால் ஐந்து இதழ் என்று நான் சொன்னேன். இரத்தினம்மா இலையைத் துண்டு போட, கலா இதழை வைத்து மடிக்க, நான் நாரால் கட்டினேன். சும்மா இருக்கப் பொறுக்காமல் கனகசபாபதியும் கட்டினார். தன் மாட்டுக்கு எதிராகக் கட்டுகிறாரா ஆதரவாகக் கட்டுகிறாரா என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நன்றாகவே கட்டினார். ஒரு பொட்டலத்தில் மட்டும் வெள்ளை நந்தியாவட்டை. அதை அவரைக் கொண்டே கட்டுவித்து, கடகத்தில் போட்டு, கலா முழங்கைவரை கையை விட்டுக் கலக்கினாள். இருநூறு பொட்டலம் இருக்கும்.

"இப்ப கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுங்கோ."

அவர் சாமியறைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நாரை இழுத்தார்.

வெள்ளை.

மாமரத்தில் ஒரு காகம் கத்தியது. பிறகு, "பிள்ளையாரப்பா!" என்று கூவிக்கொண்டு கனகசபாபதி எழும்பினார். வோக்கரைப் பிடிக்காமல், கதிரைக் கையைப் பிடிக்காமல், இரண்டு காலில் நேராக எழும்பி நின்று பூவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் ஓடிப்போய் அவருடைய இடுப்பைப் பிடித்தேன். மூன்று கிழமையாக நான் கெஞ்சியும் செய்யாததை ஒரு நந்தியாவட்டை செய்துவிட்டது. இரத்தினம்மா அழத் தொடங்கினார். "உன்னை ஆரடி கடகம் கேட்டது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தியே!"

கலாவின் முகம் வெளிறியது. ஒரு கணம்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், வைக்கோலில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுதான் அண்ணை லொத்தர்! ஆரோ ஒராளுக்கு இப்பிடித்தான் விழும். நான் விழாது எண்டு சொல்லிக்கொண்டு நிப்பன், அது விழுந்து என்னைப் பாத்துச் சிரிக்கும். சரி, வெள்ளையைத் திருப்பிக் கட்டி உள்ளுக்கை போடுங்கோ. இன்னொருக்கா எடுங்கோ."

"ஏன்? அதுதான் விழுந்திட்டுதே."

"நீங்கள் ஒரு ரிக்கெற்றோ அண்ணை வாங்கப் போறியள்? கட்டெல்லோ. அப்ப கட்டளவுக்கு எடுங்கோ. வந்த சிவப்பைத் திருப்பிப் போடவும் வேண்டாம், உங்களுக்கு அது சலுகை."

வெற்றி பெற்றவருக்கு அதில் தயக்கம் இருக்கவில்லை. கலா மறுபடி கலக்கினாள். நின்றபடியே எடுத்தார். சிவப்பு. சிரித்தார். சிவப்பு. "இது கை வழுகினது." சிவப்பு. அவிழ்த்த பொட்டலங்களை அவர் பின்பக்கமாக எறிய, சுட்டி கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாக நக்கி எடுத்தது. வாழையிலையும் செவ்வரத்தையும் அதற்கு விருந்து. அவர் இருந்தார். இடக்கையால் எடுத்துப் பார்த்தார். கடகத்தின் அடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். ஒருமுறை கண்ணிமையைக் கொஞ்சம் திறந்ததை நான் கண்டேன், அப்போதும் சிவப்பு. இரத்தினம்மா அழுகையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் நாலு பேருக்குமே அந்த வெள்ளை வரவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதுதான் அந்த விளையாட்டின் கெட்ட குணம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் கொடுக்கவேண்டிய மாத்திரையை நான் கொடுத்தேன். அவர் விரல்களை நீட்டி மடக்கினார். நாரவிழ்த்து விரல் நுனி சிவந்திருந்தது.

"கடகத்திலை பாதிகூடக் குறையேல்லை" என்றார்.

"ஓம் அண்ணை. இது ஒரு கடகம்." கலா கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். தட்டிவிட்டு எண்ணைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், எண்ணைச் சொல்லக்கூடாது. "லொத்தருக்கு எத்தினை கடகம் எண்டு சொல்லட்டே? யாழ்ப்பாணம் முழுக்க வீட்டுக்கு வீடு இப்பிடி ஒரு கடகம் கட்டி வைச்சிருக்கினம் எண்டு நினையுங்கோ. மாடிவீடு, கொட்டில் வீடு, எல்லாத்திலையும். அவ்வளவுக்கும் சேத்து வெள்ளை ஒண்டு. ஒரு வீட்டிலை, ஒரு கடகத்திலை. நீங்கள் ஒரு படலையைத் திறந்துகொண்டு போய், ஒருக்காக் கையை விட்டு, ஒண்டை எடுக்கோணும். அதுதான் ஒரு ரிக்கெற். கட்டெண்டா அப்பிடி ஒரு கட்டு வீடு."

"வெள்ளை எங்கடை வீட்டிலை இருந்தா?"

"ஆர் சொன்னது உங்கடை வீடெண்டு? காரைநகராயும் இருக்கலாம். பருத்தித்துறையாயும் இருக்கலாம். கொடிகாமமாயும் இருக்கலாம். எந்தப் படலைக்குப் போறியள், சொல்லுங்கோ."

கனகசபாபதி வாயைத் திறந்தார். ஒன்று கிடக்குதுதானே என்று சொல்லப் போகிறார் என்றே நான் நினைத்தேன். அவர் குனிந்து தன் தொடையைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுப் படலையைப் பார்த்தார். அந்தப் படலைக்கே அவர் விழுந்ததிலிருந்து போனதில்லை.

"இந்தக் காலோடை நான் எங்கையெண்டு போறது?" என்றார்.

சொல்லிவிட்டு நெடுநேரம் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள்ளே காரைநகரிலிருந்து கொடிகாமம்வரை வீதிகள் நீண்டுகொண்டு போவது முகத்தில் தெரிந்தது. நோயாளி ஒன்றை விளங்கிக்கொள்ளும்போது குறுக்கே பேசக்கூடாது. இரத்தினம்மாவை நான் கண்ணால் அடக்கினேன்.

ஆனாலும் ஓர் ஆணுக்கு, அதுவும் பிள்ளையாரைச் சாட்சிக்கு இழுத்த ஓர் ஆணுக்கு, இறங்கி வர ஒரு படி வேண்டும். அதைச் சுட்டி போட்டுக் கொடுத்தது. நாங்கள் எல்லாரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்த நேரத்தில் அது கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்து, கடகத்தை மூக்கால் சரித்து, மிச்சப் பொட்டலங்களை நாரோடும் இலையோடும் உள்ளே தள்ளிவிட்டது. இரத்தினம்மா கண்டு "ஏய்!" என்று கத்தியபோது கடகத்தில் நாலைந்துதான் கிடந்தன. கலா அவற்றை அவிழ்த்துப் பார்த்தாள். எல்லாம் சிவப்பு.

"வெள்ளை?" என்றார் கனகசபாபதி.

சுட்டி மெதுவாக மென்றது.

படலைக்கு வெளியே வாகனம் ஒன்று வந்து நின்றது. மாட்டுக்காரர் மத்தியானத்துக்கே வந்துவிட்டார். கையில் புதுக் கயிறு. "என்ன அண்ணை, அவிழ்ப்பமே?"

கனகசபாபதி வோக்கரை எடுத்தார், யோசித்து, அதை வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழும்பினார். ஒவ்வோர் அடியாகப் படலைக்குப் போனார். நான் கூடவே நடந்தேன். பாரம் என் தோளில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது.

"தம்பி, மாடு விக்கிறேல்லை."

"என்னண்ணை, நேற்றெல்லோ சொன்னனீங்கள்?"

"நேற்று அது வெறும் மாடு. இண்டைக்கு வெள்ளை அதுக்குள்ளை கிடக்குது. உமக்கு விளங்காது. போட்டு வாரும்."

மாட்டுக்காரர் என்னைப் பார்த்தார், காலைப் போலத் தலையிலும் அடிபட்டதோ என்று கேட்பதுபோல. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் போய்விட்டார். பின்னால் இரத்தினம்மா சுட்டியின் கழுத்தைத் தடவி, கணவருக்குக் கேட்கும்படியாக அதைத் திட்டினார்: "கள்ளி, முழுக்கடகத்தையும் திண்டிட்டியே!" கலா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அரைநாள் வியாபாரம் போய்விட்டது. போகும்போது, "அன்ரி, அவருக்கு விளங்கினதோ, இல்லை மாடு திண்டதாலை விட்டவரோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்தச் சந்தேகம் இன்றுவரை அவளை விடவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே கேள்வியைக் கேட்கிறாள்.

சித்திரை பிறந்தது. விசேஷப் பரிசு ஊர் பேர் தெரியாத யாருக்கோ விழுந்தது. எனக்கு அந்த வீட்டில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் கனகசபாபதியைத் தினமும் காண்கிறேன். நடக்கவேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்த பயிற்சியை அவர் தன் வழியில் செய்கிறார். காலையில் பால் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறார். வோக்கரும் இல்லை, பொல்லும் இல்லை. கலாவும் சுட்டியின் பால்தான் வாங்குகிறாள். அவருக்கு அவள் வைத்த பெயர் கடகம்.

இன்று காலை நான் பஸ்ஸால் இறங்கியபோது அவர் குடைக்குக் கீழே நின்றார். பால் போத்தலைக் கொடுத்துவிட்டு, கயிற்றில் ஆடிய சீட்டுகளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்டு தா கலா. விழாது எண்டு எனக்குத் தெரியும், நீ சொல்லத் தேவையில்லை."

"அப்ப நீங்களே பத்திரமா வைச்சிருங்கோ."

வலது கையில் சீட்டை வாங்கினார். போகவில்லை. பஸ் பக்கம் ஒருமுறை பார்த்து, நான் பார்க்கிறேனா என்று ஒருமுறை பார்த்து, தொண்டையைச் செருமி, இடது கையையும் மெல்லச் சீட்டுக் கயிற்றின் பக்கம் நீட்டினார்.

கலா அந்தக் கையைப் பார்த்தாள். திரும்பி, ஒலிபெருக்கிக் கூம்புக்குள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த நேற்றைய பால் போத்தலை எடுத்து, அந்தக் கையில் வைத்தாள்.